நம்ம ஆளு உள்ளே இருந்த மாதங்கள்

உளவாளி நாவலைப் படக்கதையா மாத்துறது பெரிய வித்தைன்னு நினைச்சுக்கிட்டு யாராவது என்னை மரியாதையாப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வரும். வித்தையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நாவல்ல ஒரு பக்கம் முழுக்க ஆளு யோசிச்சுக்கிட்டே இருப்பான். அந்த யோசனையைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, அவனை ஓட வைக்கணும், குதிக்க வைக்கணும், சுட வைக்கணும். பேப்பர்ல நமக்கு ஒதுக்குற இடம் ஒரு நாளைக்கு மூணு கட்டம். ராசிபலனுக்குக் கீழே, சினிமா விளம்பரத்துக்கு மேலே. முதல் கட்டத்துல நேத்து விட்ட இடத்தை ஞாபகப்படுத்தணும். ரெண்டாவதுல ஏதாவது நடக்கணும். மூணாவதுல ஆளு மாட்டிக்கணும். மாட்டினாத்தான் நாளைக்கும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவாங்க. ஆக, தினமும் ஒருத்தனை மாட்டி வைக்கிறதுதான் எனக்கு வேலை.

நான் பெரம்பலூர்ல தமிழ் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் தனியாத்தான் இருக்கேன். திருச்சியில அச்சாகுற ஒரு நாளிதழ்ல, காலமாகிப்போன ஒரு எழுத்தாளரோட பழைய உளவு நாவல்களை அவர் வீட்டுல கேட்டு வாங்கி, படக்கதையாப் போடலாம்னு முடிவு பண்ணினாங்க. அவங்களோட மாணவர் பக்கத்துக்கு ஏற்கெனவே எழுதிக்கிட்டு இருந்ததால என்னைக் கூப்பிட்டாங்க. படத்துக்கு யாருன்னு கேட்டாங்க. வேற யாரு, எங்கண்ணன்தான்னேன். அண்ணன் அரியலூர்ல டிராயிங் மாஸ்டரா இருந்தது. ரிட்டையர் ஆகி வூட்டுல சும்மா உக்காந்து அண்ணி உயிரை வாங்கிக்கிட்டு இருந்துச்சு. அண்ணிதான் முதல்ல சந்தோஷப்பட்டாங்க.

நான் நாவலைப் பிரிச்சுக் கட்டம் கட்டமா எழுதி அனுப்புவேன். அண்ணன் வரையும். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில ஸ்கேன் பண்ணி திருச்சிக்கு அனுப்புவாங்க. அங்க பக்கம் போடுற பையன் பலூனுக்குள்ள வசனத்தைத் தட்டச்சு பண்ணி ஒட்டி, அடியில 'தொடரும்'னு போட்டுடுவான். இவ்வளவுதான் எங்க தொழில். ஆனா எனக்கும் அண்ணனுக்கும் போன்ல நடந்த சண்டையை எழுதினா அதுவே ஒரு தொடர் வரும். 'அவன் மனம் பதறியது'ன்னு நாவல்ல இருந்ததை ஒரு தடவை அப்படியே எழுதிட்டேன். மனசு பதறுறதை நான் எங்க போய்ப் பார்த்து வரையுறதுன்னு ஒரே கத்தல். குதிரை வந்தா போனையே எடுக்காது. குதிரைக்குக் கால் வரையத் தெரியாதுன்னு ஒத்துக்கிறதுக்கு அவ்வளவு வீம்பு. நாவல்ல குதிரை வந்த இடத்துல எல்லாம் எங்க கதையில புல்லட் வண்டிதான் வந்துச்சு.

கதை நடக்குறது பனி கொட்டுற தேசத்துல. அண்ணன் பனியைக் கண்ணால பார்த்ததில்லை. அரியலூரைச் சுத்தி சிமெண்டுக்காகத் தோண்டிப் போட்ட சுண்ணாம்புக்கல் குழிங்க இருக்கே, அதைத் தலைகீழா நிமிர்த்தி வெள்ளையா விட்டு, இந்தா பனிமலைன்னுச்சு. எதிரியோட ஆயுதக் கிடங்குக்கு எறையூர் சர்க்கரை ஆலைப் புகைக்கூண்டு. எறையூர்க்காரர் ஒருத்தர் மட்டும் பேப்பருக்குப் போன் போட்டு, எங்க ஊரு மில்லு எப்படிங்க எதிரி கைக்குப் போச்சுன்னு கேட்டாராம். கதாநாயகனுக்கு நாவல்ல நல்ல பேருதான். நாங்க ரெண்டு பேரும் அவனை 'நம்ம ஆளு'ன்னுதான் சொல்லிக்குவோம். நம்ம ஆளுக்கு இன்னைக்கு என்னாச்சு, நம்ம ஆளு குண்டடி பட்டானா, இப்படி.

அண்ணனுக்கு ஒரு பெருமை உண்டு. கட்டத்துக்கு ஓரக் கோடு போடுறப்பகூட ஸ்கேல் வைக்காது. வெறுங்கையாலயே சர்ருன்னு இழுக்கும். நூல் பிடிச்ச மாதிரி வரும். ஸ்கேல் வச்சுக் கோடு போடுறவன் டிராயிங் மாஸ்டர் இல்லை, சர்வேயருன்னு பசங்ககிட்ட சொல்லிச் சொல்லியே ரிட்டையர் ஆன ஆளு அது.

அந்தக் கோட்டுலதான் முதல்ல எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஒரு நாள் காலையில பேப்பரைப் பிரிச்சா, நம்ம ஆளு நீட்டுன துப்பாக்கி நெளிஞ்சு கிடந்துச்சு. ஓரக் கோடும் லேசா அலையடிச்சுது. எனக்குச் சுள்ளுன்னு ஏறிடுச்சு. போனைப் போட்டு, என்னண்ணே, பஸ்ஸுல உக்காந்து வரைஞ்சியான்னு கேட்டேன். பேப்பர் மட்டம், மை ஊறுதுன்னுச்சு. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை மாதா கோயில் முடிச்சு அரியலூருக்குப் போனேன். அண்ணி காப்பி கொண்டாந்து வச்சாங்க. என் காப்பி ஆறுறதுக்குள்ள குடிச்சுட்டேன். அண்ணன் டம்ளரைத் தொடவே இல்லை. சூடு, சூடுன்னுச்சு. நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். கண்ணாடியில தெரிஞ்சுது. டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்குது, வலது கை மட்டும் தனியா ஆடுது. காப்பி வேட்டியில சிந்துது.

திரும்பி உக்காந்து, எத்தனை நாளாண்ணேன்னு கேட்டேன். அண்ணிதான் அழுதுக்கிட்டே சொன்னாங்க. திருச்சியில டாக்டர்கிட்ட காட்டியாச்சாம். மாத்திரை குடுத்திருக்காராம். மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும், போக்காதுன்னுட்டாராம். ஏலாக்குறிச்சி மாதாகிட்ட போய் மெழுகுவத்தி ஏத்திட்டும் வந்தாச்சாம். சென்னையில இருக்குற மகனுக்கு இன்னும் சொல்லலையாம். சொன்னா வந்து கூட்டிட்டுப் போயி பிளாட்டுல வச்சுருவான்னு அண்ணனுக்குப் பயம்.

"பேப்பருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளைப் போட்டுருவாங்க, பாப்பா," அண்ணன் சொன்னுச்சு. "இது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. நீ யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

எனக்கு வயசு அறுபதைத் தாண்டிருச்சு. இன்னமும் நான் பாப்பாதான். மூச்சு விட மாட்டேன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன். பெரம்பலூர் வர்ற வரைக்கும் சிமெண்டு லாரிங்க பின்னாலயே பஸ் ஊர்ந்து வந்துச்சு. ஜன்னலைத் திறந்தா வாயெல்லாம் தூசி, மூடினா வேக்காடு. அந்த வேக்காட்டுல உக்காந்துக்கிட்டு யோசிச்சேன். நடுங்குற கையால என்ன வரையலாம்? முகம் முடியாது. துப்பாக்கி முடியாது. ஜனக்கூட்டம் முடியவே முடியாது. அப்பத்தான் மண்டையில பளிச்சுன்னு அடிச்சுது. இருட்டை வரையலாம். கறுப்பு மையை எடுத்து அப்புறதுக்குக் கை நடுங்கினா என்ன, நடுங்காட்டி என்ன?

நாவல்லயே தோதான இடம் வந்துச்சு. எதிரிங்க நம்ம ஆளைப் பிடிச்சு ஒரு பாதாள அறையில போட்டு அடைச்சிருவாங்க. நாவல்ல அடுத்த பக்கத்துலயே அவன் கயித்தை அறுத்துக்கிட்டு வெளிய வந்துருவான். நான் வரவிடலை. முதல் கட்டம் முழுக் கறுப்பு, நடுவுல ஒரு பலூன்: 'நான் எங்கே இருக்கிறேன்?' ரெண்டாவது கட்டம் கறுப்பு, மேல் மூலையில ரெண்டு கண்ணு. மூணாவது கட்டம் கறுப்பு, வெளியிலேருந்து பூட்ஸ் சத்தம். டக் டக் டக். தொடரும். மறுநாளும் அதேதான், பூட்ஸ் சத்தத்துக்குப் பதிலா சாவிக்கொத்துச் சத்தம். நாவல்ல தூக்கி ஓரமா வச்ச யோசனையெல்லாம் இப்ப எடுத்து எடுத்து பலூனுக்குள்ள போட்டேன். ஆளு யோசிச்சுக்கிட்டே இருந்தான்.

ஓரக் கோடுதான் பாக்கி. கறுப்பா இருந்தாலும் கட்டம் நேரா இருக்கணுமே. அண்ணி கண்ணாடி போட்டாலும் நூல் கோக்கவே தடுமாறுற ஆளு. அதனால வாராவாரம் ஞாயித்துக்கிழமை நான் போக ஆரம்பிச்சேன். அண்ணனோட மேஜையில உக்காந்து, ஸ்கேல் வச்சு, அந்த வாரத்துக்கு வேண்டிய கட்டமெல்லாம் நானே போடுவேன். அண்ணன் எதிர்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கும். அப்புறம் பிரஷ்ஷை எடுத்து உள்ளே கறுப்பை அப்பும். கோடு தாண்டி வழிஞ்சா நான் வெள்ளையை வச்சுத் திருத்துவேன். எல்லாத்தையும் கவர்ல போட்டு அண்ணிகிட்ட குடுப்பேன். அண்ணி மறுநாள் ஜெராக்ஸ் கடையில குடுத்துருவாங்க. அண்ணன் ஒண்ணுமே பேசாது. முன்னாடி குதிரைக்கு அவ்வளவு சண்டை போட்ட ஆளு, பிரஷ்ஷைக் கழுவி வச்சுட்டுப் போயிப் படுத்துக்கும். மாத்திரை அசத்துது போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

ஒரு ரெண்டு வாரம் ஓட்டலாம், அதுக்குள்ள மாத்திரை கேக்கும்னுதான் என் கணக்கு. ஆனா திருச்சியிலேருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்குற உதவி ஆசிரியர் போன் பண்ணினாரு. நல்ல பையன், என் மாணவன் வயசு. மேடம், இருட்டு பிரமாதம், ஆபீஸ்ல எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க, வாசகர்ங்க போன் மேல போன், ஆளை இப்போதைக்கு வெளிய விட்டுறாதீங்கன்னாரு. எனக்கு உச்சி குளிரலைன்னு பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் குளிரத்தான் செஞ்சுச்சு. அப்புறம் போனை வச்சதும் பகீர்னுச்சு. இப்ப விட நினைச்சாலும் விட முடியாது. விட்டா வெளிச்சம் வரணும், வெளிச்சம் வந்தா முகம் வரணும், முகம் வந்தா அண்ணன் கை ஊருக்கே தெரிஞ்சுரும்.

இதுல இன்னொரு கொடுமை இருந்துச்சு. எனக்கு ஒரே பொண்ணு, ஓசூர்ல வேலை பார்க்குறா. அவளுக்குக் குழந்தை பொறந்து, லீவு முடியப்போற நேரம். அவ வேலைக்குப் போனா குழந்தையைப் பார்த்துக்க நான் வர்றதா வாக்குக் குடுத்திருந்தேன். இந்த நாவல் முடியட்டும்டி, முடிஞ்ச மறுநாள் மூட்டையைக் கட்டிடுறேன்னு சொல்லியிருந்தேன். அவ சம்மதிச்சா. நான் எழுதுறதை ஓசூர்ல உக்காந்துக்கிட்டும் எழுதலாம். ஆனா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்கேலைத் தூக்கிக்கிட்டு அரியலூருக்கு யார் வர்றது? அதை அவகிட்டச் சொல்லவும் முடியாது. மூச்சு விட மாட்டேன்னு சொல்லியாச்சே.

தினமும் போன் பண்ணுவா. பேரன் அழுகுற சத்தம் பின்னால கேக்கும். "அம்மா, உன் ஆளு எப்பத்தான் வெளிய வருவான்?" முதல்ல சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டா. போகப் போகச் சிரிப்பு நின்னு போச்சு. பக்கத்து வூட்டுப் பாட்டிகிட்ட குழந்தையை விட்டுட்டுப் போறேன்னா. அப்புறம், உனக்கு என்னைவிட அந்தக் காகிதப் பயதான் முக்கியம்னா. நான் வாயில வந்ததைச் சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன். எனக்குக் கோவம் வந்தா நாக்குக்கு எலும்பே இருக்காது. அன்னைக்குப் பூரா சோறு இறங்கலை. நாலு சுவத்துக்குள்ள நடந்துக்கிட்டே இருந்தேன். ஹாலு, அடுப்பங்கரை, ஹாலு. வெளிய வெயில் கொளுத்துது, எங்கயும் போக முடியாது. போனாலும் எங்க போறது, திரும்பி வந்து இருட்டைத்தானே எழுதணும். நம்ம ஆளு பேச வேண்டியதை எல்லாம் அப்ப நான்தான் பேசிக்கிட்டு இருந்தேன். 'இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்?' அதை அப்படியே மறுநாள் பலூன்ல எழுதிட்டேன்.

அப்படியே மாசங்கள் ஓடுச்சு. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போற கூட்டத்துல ஒரு வெள்ளிக்கிழமை என் பழைய சக டீச்சர் ஒருத்தி பஸ்ஸுல பார்த்துட்டு, ஏண்டி, உன் ஆளு இன்னமும் உள்ளேதானா, பாவம் டீ காப்பியாச்சும் குடுக்குறாங்களான்னு கேட்டா. பஸ்ஸே சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சேன். இறங்கினதும் கண்ணு கலங்கிருச்சு.

அதுக்கப்புறம் வந்த ஒரு புதன்கிழமை. வழக்கம்போல வாசல்ல கிடந்த பேப்பரை எடுத்து நின்னபடியே அந்தப் பக்கத்தைப் பிரிச்சேன். முதல் கட்டம் கறுப்பு. ரெண்டாவது கட்டம் கறுப்பு. மூணாவது வெள்ளை. வெள்ளைன்னா வெறும் வெள்ளை இல்லை. ஒரு அறை. சுவரு, தரை, அறுந்து கிடக்குற கயிறு, ஒரு கதவு. கதவு தொறந்து கிடக்கு. ஆளைக் காணோம். கோடெல்லாம் நடுங்கி நடுங்கி, ஓரக் கோடுகூட ஸ்கேல் வைக்காத கோடு. நான் எழுதினதுல அப்படி ஒரு கட்டமே கிடையாது. நான் ஞாயித்துக்கிழமை கவர்ல போட்டு ஒட்டிட்டு வந்த தாள் அது இல்லை. அடியில பக்கம் போடுற பையன் கைப் பழக்கத்துல வழக்கம்போல 'தொடரும்'னு ஒட்டியிருந்தான். அங்க எவனும் கண்ணைத் தொறந்து பார்க்குறதில்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அதுக்குள்ள உதவி ஆசிரியர் போன். மேடம், ஆளு எங்க மேடம், செம திருப்பம், ஆனா கட்டம் ஏன் இப்படிக் கோணலா இருக்குன்னு கேட்டாரு. ஸ்கேன் பண்றப்ப தாள் நகர்ந்திருக்கும் தம்பின்னு ஒரு பொய்யை அவுத்து விட்டேன். அண்ணனுக்குப் போன் அடிச்சேன், எடுக்கலை. அண்ணியும் எடுக்கலை. புடவையைக்கூட மாத்தாம அரியலூர் பஸ்ஸுல ஏறிட்டேன். வழி நெடுக மனசுக்குள்ள கத்திக்கிட்டே போனேன். யாருக்காக இத்தனை பாடு? பெத்த பொண்ணுகிட்ட கெட்ட பேர் வாங்கிக்கிட்டு, வாராவாரம் தூசியைத் தின்னுக்கிட்டு, கோடு போட்டுக்கிட்டு. ஒரு நிமிஷத்துல போட்டு உடைச்சுட்டுப் போனை எடுக்க மாட்டேங்குது.

அண்ணன் மேஜை முன்னாலதான் உக்காந்திருந்துச்சு. வாசப்படி தாண்டுறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டேன். என்ன சொன்னேன்னு எழுதினா நல்லா இருக்காது. எல்லாத்தையும் கேட்டுக்குச்சு. நான் மூச்சு வாங்க நிறுத்தினப்ப, தண்ணி குடிக்கிறியான்னுச்சு. அதுல இன்னும் ஏறிருச்சு எனக்கு. அப்ப அண்ணி உள்ளேருந்து வந்து, திங்கக்கிழமை காலையில உங்க பொண்ணு எனக்குப் போன் பண்ணிச்சும்மான்னாங்க. அத்தை, அம்மா ஏன் வர மாட்டேங்குறாங்க, என் மேல என்ன கோவம்னு கேட்டு அழுதுச்சாம். அவ உங்களை ஓசூருக்குக் கூப்பிடுறதே எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியும், நீங்க ஒரு வார்த்தை சொல்லலையேன்னாங்க. சாயந்திரம் அண்ணி ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்புறதுக்குள்ள அண்ணன் கவரைப் பிரிச்சு ஒரு தாளை எடுத்துட்டு, வேற வரைஞ்சு வச்சிருக்கு.

"என் பொண்ணு விஷயத்தை நான் பார்த்துக்க மாட்டேனா? உன் கை வெளிய தெரியக்கூடாதுன்னுதானேண்ணே நான் கிடந்து அல்லாடுறேன்," அப்படின்னேன்.

அண்ணன் அந்த ஆடுற கையை மேஜை மேல எடுத்து வச்சுச்சு. அதுவரைக்கும் என் முன்னாடி அதை ஒளிச்சுத்தான் வச்சிருக்கும்.

"எனக்கு நடுங்குறது கை மட்டும்தான், பாப்பா. நீ என்னையே தூக்கி இருட்டுல போட்டுட்ட."

அண்ணன் நிறுத்தலை. மாசக்கணக்கா கறுப்பு மையைப் பூசிக்கிட்டு உக்காந்திருக்கேன், இது படம் வரையுறதா, சுவத்துக்குத் தார் அடிக்கிறதான்னுச்சு. நீ ஸ்கேலை வச்சுக் கோடு போடுறப்ப ஒவ்வொரு கோடும் என் மேல போடுற மாதிரி இருக்கும்னுச்சு. அப்ப ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லலைன்னு கேட்டேன்.

"நீ தனியா இருக்க. இந்தப் படக்கதையும் போயிட்டா அந்த வூட்டுக்குள்ள உக்காந்து என்ன பண்ணுவியோன்னுதான் பூசிக்கிட்டு இருந்தேன்."

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரலை, எரிச்சல்தான் வந்துச்சு. அதுக்காக நான், எனக்காக அது. ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்னு நினைச்சே ஒருத்தரை ஒருத்தர் பூட்டி வச்சிருக்கோம். நான் செஞ்சது தப்புன்னு இப்பவும் ஒத்துக்க மாட்டேன். இருட்டு இல்லாட்டி முதல் வாரத்துலயே படக்கதை கையை விட்டுப் போயிருக்கும். ஆனா அன்னைக்கு அந்த மேஜை முன்னால அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

அண்ணன் என் கைப்பையிலேருந்து போனை எடுத்து, திருச்சிக்குப் போடுன்னுச்சு. வேண்டாம்ணே, யோசிப்போம்ணேன்னேன். போடுன்னுச்சு. போட்டேன். தம்பி, நான்தான் படம் வரையுறவன் பேசுறேன்னு ஆரம்பிச்சுச்சு. கை நடுங்குது, ஸ்கேன் மேல தப்பு இல்லை, இனிமே என் கோடு இப்படித்தான் வரும்னு சொல்லிட்டு நிறுத்திருச்சு. அப்புறம் உதவி ஆசிரியர் சொன்னதை அண்ணன் கேட்டுக்கிட்டே தலையாட்டுச்சு. வைக்கிறப்ப நன்றின்னுச்சு. இந்தக் கதையை உங்க கையாலயே முடிச்சுக் குடுத்துருங்க ஐயா, அடுத்த நாவலுக்கு மெட்ராஸ்ல ஒருத்தர் இருக்காருன்னு சொன்னாராம். மரியாதையாத்தான் சொல்லியிருக்காரு. நான் இத்தனை மாசம் எதுக்குப் பயந்தேனோ அது ரெண்டே நிமிஷத்துல நடந்து முடிஞ்சு போச்சு.

நாவல்ல பாக்கி இருந்தது கொஞ்சம்தான். நம்ம ஆளு எதிரி கண்ணுல மண்ணைத் தூவிட்டு விமானம் ஏறணும். ஏற்கெனவே அனுப்பின கறுப்புத் தாளையெல்லாம் போட வேண்டாம்னு திருச்சிக்குச் சொல்லிட்டு, அந்த வாரம் பூரா நான் அரியலூர்லயே தங்கினேன். முதல் நாள் பழக்க தோஷத்துல ஸ்கேலை எடுத்தேன். அண்ணன் அதைப் பிடுங்கித் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. வெறுங்கையாலதான் இழுத்துச்சு. மூணு கட்டத்துக்கு ஒரு பகல் ஆச்சு. கை ஓயுற நேரம் பார்த்து ஒரு கோடு, மறுபடி ஆட ஆரம்பிச்சா நிறுத்திட்டுக் காத்திருக்கும். வாய் மட்டும் பழையபடி வந்துருச்சு. இந்த வசனம் நீளம், வெட்டு. இவன் ஏன் இவ்வளவு பேசுறான், ஓடிக்கிட்டு இருக்குறவன் எவனாவது பேசுவானான்னு என்னைப் போட்டு வாங்குச்சு. விமான நிலையம் என்னால ஆகாதுன்னுச்சு. சரி, உனக்கு எது வருமோ அதைப் போடுன்னேன். கடைசி நாளுக்கு வசனமே வேண்டாம்னுச்சு. மூணு கட்டம். நான் ஒரு எழுத்து எழுதலை.

பொண்ணுக்குப் போன் பண்ணினேன். ஆளு வெளிய வந்துட்டாண்டின்னேன். பார்த்தேம்மான்னா. எப்பம்மா வர்றேன்னு மட்டும் கேட்டா.

கடைசிக் கட்டங்க அச்சாகி வந்த அன்னைக்கு நான் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுல பெட்டியோட சேலம் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன். அங்கேருந்து ஓசூர். பேப்பர் வாங்கி மடிச்சுக் கையில வச்சிருந்தேன், பிரிக்கப் பயமா இருந்துச்சு. அப்புறம் பிரிச்சேன். அரியலூர் ரோடுதான். ஓரத்துல புளியமரம், தூரத்துல சிமெண்டு லாரி, நட்ட நடுப் பகல். நம்ம ஆளு முதல் கட்டத்துல முகத்தைக் காட்டி வர்றான், ரெண்டாவதுல பக்கவாட்டுல, மூணாவதுல முதுகு. எந்தக் கோடும் நேரா இல்லை. மரம் ஆடுது, ரோடு ஆடுது, அவன் தோளு ஆடுது. பார்க்குற எல்லாருக்கும் தெரிஞ்சுருமேன்னு எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

பக்கத்து பெஞ்சுல சட்டைப்பையில பேனா சொருகின ஒருத்தர் அதே பேப்பரைப் பிரிச்சு வச்சிருந்தாரு. ராசிபலன் பார்த்தாரு. அப்புறம் கீழே வந்தாரு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். ஏதாவது சொன்னா சட்டையைப் பிடிச்சிருவேன்னு இருந்துச்சு. அவர் படத்தைக் கிட்டக்க வச்சுப் பார்த்தாரு, தள்ளி வச்சுப் பார்த்தாரு. நான் பார்க்குறதைக் கவனிச்சுட்டு, பேப்பரை என் பக்கம் சாய்ச்சாரு.

"என்னா வெயிலு பாருங்கம்மா. ரோடே அலையடிக்குது. பார்க்குறப்பவே நாக்கு வறண்டு போகுது."

சொல்லிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிட்டாரு. நான் எழுந்து பெட்டியை இழுத்துக்கிட்டு ஓரமா போயி அண்ணனுக்குப் போன் பண்ணினேன். முதல் மணியிலயே எடுத்துருச்சு, கையிலயே வச்சிருந்திருக்கும் போல. அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொன்னேன்.

"அப்ப அவருக்குத் தெரியலையா, பாப்பா?"

"தெரியலண்ணே."

அண்ணன் போனை வைக்கலை. மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. சேலம் பஸ் வந்து நின்னுச்சு. போனைக் காதுல வச்சபடியே நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறினேன்.